தானியங்கிப் பம்பு தாறுமாறாய் ஓடுதலும் அதன் பரிகாரமும்

இத்தாலி தேசத்து இவ்ரியா பட்டணத்தில் 2005-ம் வருஷம் ஆர்டுயினோ என்னும் சிறு மின்பலகை தோன்றியது. அதில் ஊனோ என்னும் வகை 2010-ல் வெளிவந்தது. பொழுதுபோக்காக மின்கருவிகள் செய்வோர், தொட்டியில் நீர் குறைந்தால் பம்பை ஓட்டவும் நிறைந்தால் நிறுத்தவும் இதனை உபயோகிப்பதுண்டு. ஆயினும், இதன் முனைகளின் இயல்பை அறியாது பூட்டினால் நிறைந்த தொட்டி வழிந்தோடும். கிணறு வற்றிய பின்னும் மோட்டார் ஓடிக் கருகும். பழுது பார்ப்பவர் கை வைத்திருக்கையில் மோட்டார் தானே கிளம்பினால் உயிர்ச்சேதமும் நேரக்கூடும்.

தொங்கும் முனை.— மிதவை சுவிட்சின் ஒரு கம்பி 2-ம் முனையிலும் மற்றொன்று தரைக்கம்பியிலும் சேர்க்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். நீர் குறைந்தால் சுவிட்சு மூடும். முனை 0 என்று காட்ட, பம்பு ஓடும். நீர் நிறைந்தால் சுவிட்சு திறக்கும். அப்போது முனை 1 காட்டும் என்று எதிர்பார்ப்பது தவறு. திறந்த சுவிட்சினால் முனை எதனோடும் சேராமல் தொங்குகிறது. அருகிலுள்ள மின்கம்பிகளின் 50 சுற்று மின்சாரமும், பக்கத்தில் வரும் மனிதர் கையுங்கூட அதனை அசைக்கும். ஆகவே தொட்டி நிறைந்திருந்தும் பம்பு விட்டுவிட்டு ஓடுகிறது.

இதற்குப் பரிகாரம், முனைக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே 10,000 ஓம் தடை ஒன்றைச் சேர்ப்பதாம். பலகையின் உள்ளேயே 20,000 முதல் 50,000 ஓம் வரையுள்ள தடை ஒன்று உண்டு; நிரலில் முனையை ‘இன்புட் புல்லப்’ என்று அமைத்தால் அது இயங்கும். கம்பி நீளமாயின் வெளித்தடையே உத்தமம். இவ்வமைப்பில் மற்றொரு நன்மையும் உண்டு. எலி கடித்துக் கம்பி அறுந்தாலும் முனை 1 காட்டுமாதலால் பம்பு நின்றுவிடும். நிறைந்தபோது மூடும் சுவிட்சை வைத்தவருக்கு இப்பாதுகாப்பு இல்லை.

மின்சாரம் திரும்பும்போது துள்ளுதல்.— பலகை விழிக்கையில் அதன் முனைகள் யாவும் உள்வாங்கும் நிலையிலேயே இருக்கும். ரிலே பலகைகளில் பல, 0 வந்தால் இழுப்பவை. அவ்வகையில், முனையை வெளிவிடும் நிலைக்கு முதலில் மாற்றினால் அது உடனே 0 ஆகி ரிலே ஒரு கணம் இழுக்கும். முதலில் 1 என்று எழுதிவிட்டுப் பின்னர் நிலையை மாற்றுதலே முறை.

விலக்கத்தக்க முனைகள்.— 0, 1 ஆகிய முனைகள் கணிப்பொறியோடு செய்தி பரிமாறுவதற்கு உரியவை. 13-ம் முனையில் பலகையின் சிறு விளக்கு இணைந்திருக்கிறது. பலகை விழிக்கும்போது அது மினுக்கும். இம்மூன்றிலும் ரிலேயைப் பூட்டலாகாது. மேலும், ஒரு முனை தாங்கும் உச்ச அளவு 40 மில்லிஆம்பியர். 20-க்கு மேற்படாமல் இருப்பது நலம். 5 வோல்ட் ரிலேச் சுருளுக்குச் சுமார் 70 தேவைப்படலாமாதலால், டிரான்சிஸ்டரும் டயோடும் இன்றி அதனை நேரே முனையில் சேர்த்தல் கூடாது.

சோதிக்கும் முறை.— முதலாவதாக, பிரதான மின்சாரத்தை நிறுத்தி மோட்டார்க் கம்பிகளைக் கழற்றிவிடுக. ரிலேயின் ஓசையே சோதனைக்குப் போதும். இரண்டாவதாக, 2-ம் முனைக்கும் தரைக்கும் இடையே மீட்டரால் அளந்து பார்க்க. 1.5 வோல்ட்டுக்குக் கீழ் 0 என்றும், 3-க்கு மேல் 1 என்றும் பலகை கொள்ளும். இடைப்பட்ட அளவோ, அலைந்தாடும் அளவோ கண்டால் முனை தொங்குகிறதென்று அறிக. மூன்றாவதாக, மிதவைக் கம்பியைக் கழற்றி, முனையை 1,000 ஓம் தடை வழியாகத் தரையில் சேர்க்க. பம்பு ஓடவேண்டிய நிலையில் ரிலே அசையாது நின்றால் குற்றம் மிதவைக் கம்பியில் இருக்கிறது. அப்போதும் தடுமாறினால் நிரலிலோ ரிலேயிலோ தேடவேண்டும். ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றுக. இரண்டை மாற்றினால் எது காரணமென்பது விளங்காது.

கிராமத்தில் இத்தகைய கருவி வைப்போர் எவராயினும், கையால் நிறுத்தும் சுவிட்சு ஒன்றைத் தனியே அமைத்திருக்கிறாரா என்று அதிகாரிகள் விசாரித்தறிதல் நன்று. மோட்டார்க் கம்பி வேலையை லைசென்ஸ் பெற்ற மின்பணியாளரிடமே ஒப்புவிக்கவேண்டும்.