ஏழு நாள் வானிலை

உலக வாழ்வு வானத்தை நம்பி நடப்பது. அதனாலன்றோ வள்ளுவர் கடவுள் வாழ்த்தினை அடுத்து வான் சிறப்பினை வைத்தார்! நாற்று நடும் உழவரும், கடலோடும் பரதவரும், சரக்கேற்றும் வணிகரும் நாள்தோறும் வானத்தை அண்ணாந்து நோக்குவர். பண்டைத் தமிழர் காற்று வரும் திசையை நுணுகி அறிந்தனர். தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும், வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும், கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும், மேற்கிலிருந்து வருவதைக் கோடை என்றும் வழங்கினர். அவ்வறிவே இந்நாளில் கருவிகளின் துணையால் விரிந்து, ஏழு நாள் வானிலையை முன்கூட்டி உரைக்கும் துறையாக வளர்ந்துள்ளது.

சென்னையில் 1792-ஆம் ஆண்டிலேயே வானாய்வுக்கூடம் ஒன்று நிறுவப்பட்டது. இந்திய வானிலை ஆய்வுத்துறை 1875-ஆம் ஆண்டில் தோன்றியது. அத்துறையின் நிலையங்கள் காற்றழுத்தம், வெப்பம், ஈரப்பதம், காற்றின் திசை, வேகம் ஆகியவற்றைக் குறித்த நேரங்களில் அளந்து அனுப்புகின்றன. கருவி கட்டிய பலூன்கள் உயர்வானின் நிலையைத் தெரிவிக்கின்றன. சென்னை, காரைக்கால் முதலிய இடங்களிலுள்ள ரேடார்கள் மழைமேகங்களைத் தொடர்ந்து நோக்குகின்றன. செயற்கைக்கோள்கள் கடல்மேல் திரளும் முகிலைப் படம் பிடிக்கின்றன. இவற்றையெல்லாம் கணிப்பொறியில் இட்டு, வரும் நாள்களின் நிலையைக் கணக்கிடுவர். தொடக்க அளவிலுள்ள மிகச் சிறு வேறுபாடும் நாளடைவில் பெருகிவிடும் என்பதை எட்வர்டு லாரன்சு என்னும் அமெரிக்க அறிஞர் 1963-ஆம் ஆண்டில் விளக்கினார். ஆதலின், நாளைய நிலையை உரைப்பது போல ஏழாம் நாளின் நிலையை உறுதியோடு உரைத்தல் இயலாது. அறிவிப்பு நாள்தோறும் திருத்தப்படுவதற்குக் காரணம் இதுவே.

அறிவிப்பில் வரும் சொற்களுக்கு அளவு உண்டு. ‘ஓரிரு இடங்களில் மழை’ என்றால், அப்பகுதியின் மழைமானி நிலையங்களுள் நான்கில் ஒரு பங்கிற்கு மேற்படாத இடங்களில் மழை பெய்யும் என்பது பொருள். ‘பெரும்பாலான இடங்களில்’ என்றால், நான்கில் மூன்று பங்கிற்கு மேற்பட்ட இடங்களில் பெய்யும். ஆகவே சிம்மக்கல்லில் மழை பெய்து, திருமங்கலம் வறண்டு கிடப்பினும், முதல் அறிவிப்புப் பொய்த்ததாகாது. 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்வது கனமழை, 204.4 வரை பெய்வது மிகக் கனமழை. அதனினும் மிகுந்தது அதி கனமழை. நிறங்களுக்கும் பொருள் உண்டு. பச்சை அச்சமின்மையைக் குறிக்கும். மஞ்சள் விழிப்போடிருக்கச் சொல்லும். ஆரஞ்சு ஆயத்தமாகச் சொல்லும். சிவப்பு உடனே செயற்படச் சொல்லும்.

இடத்திற்கேற்ப அறிவிப்பின் பயனும் வேறுபடும். மதுரைச் சமவெளியில் கோடை வெப்பம் 40 டிகிரி செல்சியசை எட்டுவது உண்டு. தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை பெரிதும் தடுத்துவிடுவதால், இங்குள்ளார் வடகிழக்குப் பருவமழையையே எதிர்நோக்குவர். வைகையில் வெள்ளம் பெருகினால் சிம்மக்கல்லை அடுத்த ஆற்றோரச் சாலைகளுக்கு இடர் நேரும். ஆதலின் அவர்கள் வெப்பத்தையும் மழையையும் பற்றிய செய்தியைத் தேடிப் படிப்பர். இராமேசுவரமோ கடல் சூழ்ந்த தீவு. கடல் மெல்லச் சூடேறி மெல்லக் குளிர்வதால், அங்கே வாரம் முழுதும் வெப்பம் பெரிதும் மாறுவதில்லை. அவ்வூர் மீனவர்க்கு உயிர் காக்கும் செய்தி காற்றைப் பற்றியதே. மன்னார் வளைகுடாவில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் சூறைக்காற்று வீசும் என்று அறிவிப்பு வந்தால், படகுகள் கரையிலேயே நிற்றல் வேண்டும்.

காற்று சீறினால் கடற்கரை ஊருக்கு நேர்வது யாது என்பதற்குத் தனுஷ்கோடி சான்றாக நிற்கிறது. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் தெற்கு அந்தமான் கடலில் காற்றழுத்தத் தாழ்வு ஒன்று தோன்றியது. 19-ஆம் நாள் அது புயலாக வலுத்தது. 22-ஆம் நாள் இலங்கையின் வடபகுதியைக் கடந்து, அன்றிரவே தனுஷ்கோடியைத் தாக்கியது. பாம்பனிலிருந்து சென்ற தொடர்வண்டியைப் பேரலை விழுங்கியது. அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1914-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பாம்பன் பாலமும் சிதைந்தது. தோன்றிய நாள் முதல் தாக்கிய நாள் வரை ஒரு வாரத்திற்கும் குறைவே! அந்நாளில் இந்தியாவிற்கெனச் செயற்கைக்கோள் இல்லை. புயல் கரை சேரும் இடத்தையும் நேரத்தையும் இன்று போல நுணுகிக் கணிக்கவும், கணித்ததை ஊர்தோறும் விரைந்து சேர்க்கவும் வழியில்லை.

முன்னறிவிப்பும் முயற்சியும் சேர்ந்தால் உயிர் பிழைக்கும். 1999-ஆம் ஆண்டு ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தனர். 2013-ஆம் ஆண்டு அதே மாநிலத்தைப் பைலின் புயல் நெருங்கியபோது, ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் முன்னரே மேட்டிடங்களுக்கும் காப்பிடங்களுக்கும் அழைத்துச் செல்லப்பட்டனர். இறந்தோர் நூற்றுவரை எட்டவில்லை. எனினும் 2017-ஆம் ஆண்டு ஒக்கிப் புயல் எழுந்தபோது, குமரி மாவட்ட மீனவர் பலர் முன்னரே ஆழ்கடலுக்குச் சென்றிருந்தனர். அவர்களுள் பலர் மீளவில்லை. கேட்க வேண்டியவர் செவிக்கு எட்டாத அறிவிப்பினால் பயன் விளையாது.

ஆகவே வானிலை அறிவிப்பைக் குறிசொல்லாகக் கருதி நம்புதலும், ஒருமுறை மழை தவறியதால் அதனை இகழ்தலும் அறிவுடைமை ஆகா. சொல்லின் அளவறிந்து நாள்தோறும் படித்தல் வேண்டும். படித்ததைப் படியாதார்க்கு எடுத்துரைத்தல் வேண்டும். கற்றவர் தம் ஊர்க்குச் செய்யத்தக்க எளிய தொண்டு இது.