முதுமையும் விழித்திரையின் மின்குறியும்

கோலார் தங்கவயலில் இருளின் இயல்பை அறியாத முதியோர் சிலரே. மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை சென்ற சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கியோர், வெயிலிலிருந்து இருளுக்குள் புகுந்தால் கண் பழகச் சற்று நேரம் பிடிக்கும் என்பதை அனுபவத்தால் உணர்ந்தவர்கள். சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டன. அப்போது பணியிலிருந்தோரில் மிக இளையவரும் இன்று நாற்பதைக் கடந்தவரே. அத்தகைய ஒருவர், இரவில் முன்போல் கண் தெரியவில்லை எனக் கூறின், அது வயதின் விளைவா, நோயின் குறியா? இதனை அறிய உதவும் சோதனைகளுள் ஒன்று விழித்திரை மின்வரைபடம்.

விழித்திரையில் ஒளி படும்போது நுண்ணிய மின்மாற்றம் எழுகின்றது. 1865-இல் சுவீடன் நாட்டு ஹோம்கிரென் இதனைத் தவளையின் கண்ணில் கண்டறிந்தார். 1877-இல் ஜேம்ஸ் டியூவார் மனிதக் கண்ணில் பதிவு செய்தார். 1933-இல் ராக்னர் கிரானிட் அதன் உறுப்புகளைப் பிரித்துக் காட்டினார். 1967-இல் நோபல் பரிசில் அவரும் பங்கு பெற்றார்.

சோதனை செய்யும் முறை

கண்ணின் பாவையை மருந்திட்டு விரித்து, நோயாளியை 20 நிமிடம் இருளில் இருத்துவர். பின்னர் மெல்லிய மின்முனையைக் கண்ணின் மேற்பரப்பில் பொருத்தி, ஒளியை மின்னச் செய்வர். வரைகோடு முதலில் கீழ்நோக்கி இறங்கும். இது ‘ஏ’ அலை. ஒளியை ஏற்கும் கோலணுக்களும் கூம்பணுக்களும் இதனைத் தோற்றுவிக்கின்றன. அடுத்து மேலெழும் ‘பி’ அலை, அவற்றிடமிருந்து செய்தியைப் பெறும் உட்படல அணுக்களின் செயலால் விளைவது. அலையின் உயரமும், அது உச்சியை எட்டும் நேரமும் அளக்கப்படும். மங்கிய ஒளியில் கோலணுக்களும், வெளிச்சத்தில் கூம்பணுக்களும் தனித்தனியே சோதிக்கப்படும்.

வயது செய்யும் மாறுதல்

வயது ஏற ஏற அலையின் உயரம் குறைகின்றது. உச்சியை எட்டும் நேரம் நீள்கின்றது. இதற்குக் காரணங்கள் பல. பாவை சுருங்குகின்றது, மருந்திட்டாலும் இளமையிற்போல் விரிவதில்லை. வில்லை மஞ்சளித்து, நீல ஒளியைத் தடுக்கின்றது. விழித்திரையின் நடுப்பகுதியில், முப்பதுகளின் நடுவிலிருந்து தொண்ணூறு வயதிற்குள் கோலணுக்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மறைகின்றன. பார்வைக் குழியின் கூம்பணுக்களோ பெரும்பாலும் நிலைத்திருக்கின்றன. ஒளியால் வெளுத்த பார்வை நிறமி மீண்டும் உருவாவதும் தாமதமாகின்றது. ஆகவே எழுபதுகளில் இருப்போர்க்கு இருபதுகளில் இருப்போரை விட, இருளுக்குக் கண் முழுமையாகப் பழக ஏறத்தாழ 10 நிமிடம் கூடுதலாகத் தேவைப்படுகின்றது.

எனவே முதியவரின் வரைபடத்தை இளைஞருடையதோடு ஒப்பிடுவது பொருந்தாது. நலமுள்ள கண்ணும் நோயுற்றதாகத் தோன்றக்கூடும். ஒவ்வொரு சோதனைச்சாலையும் தன் கருவிகளைக் கொண்டே, வயதுவாரியாக நலமுள்ளோரின் அளவுகளைத் தொகுத்து வைத்திருத்தல் வேண்டும். இத்துறையின் பன்னாட்டுச் சங்கம் 1989 முதல் வகுத்துவரும் பொதுமுறை இதனையே வலியுறுத்துகின்றது.

இதன் மறுபக்கமும் கருதத்தக்கது. முதுமை அலையைச் சிறிதாக்கும். எனினும் அதனை முற்றிலும் அழித்துவிடாது. அலையே பதிவாகாத நிலை, ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா போன்ற பரம்பரை நோயினால் நேரலாம். வைட்டமின் ஏ குறைபாட்டால் தாழ்ந்த அலை, உரிய சிகிச்சையால் மீளக்கூடும். கண்புரை வில்லையை மறைத்திருப்பினும், வலிய ஒளியில் நல்ல அலை தோன்றுமாயின் விழித்திரை பெரும்பாலும் செயலாற்றுகின்றது எனக் கொள்ளலாம்.

களப் பணியாளர் செய்யத்தக்கது எளிது. இரவில் தடுமாறும் முதியவரிடம், எப்போது தொடங்கியது, குடும்பத்தில் எவருக்கேனும் மாலைக்கண் உண்டா, நீரிழிவு உள்ளதா எனக் கேட்டறிந்து, கண் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். ஆசிரியர்கள் மாலையில் இடறி விழும் மாணவரையும் கவனித்தல் நன்று. வயதானால் இப்படித்தான் என்னும் சொல், சோதனைக்குப் பின் கூறத்தக்க முடிவேயன்றி, சோதனையைத் தவிர்ப்பதற்கான காரணம் ஆகாது.