வீட்டுத் தொலைபேசி மௌனமானால்... பழுது எந்தப் பக்கம் எனக் கண்டறிவது எப்படி?

புதுதில்லி: வெளியூரில் இருக்கும் மகன் வீட்டுத் தொலைபேசிக்கு அழைக்கிறார். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுக்கவில்லை. வயதான பெற்றோருக்கு என்ன ஆயிற்றோ என்ற பதற்றம் தொற்றிக்கொள்கிறது. வீட்டில் பெற்றோர் நலமாகவே இருக்கின்றனர். தொலைபேசிதான் ஒலிக்கவே இல்லை. முந்தைய நாள் மழையில் எங்கோ ஒரு கம்பி அறுந்துபோனதை இரு தரப்பினரும் அறியவில்லை.

கைப்பேசி பெருகிவிட்ட காலத்திலும் தரைவழித் தொலைபேசி மறைந்துவிடவில்லை. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் (ட்ராய்) கணக்கின்படி, 2020 மார்ச்சில் சுமார் 2 கோடியாகக் குறைந்திருந்த இணைப்புகளின் எண்ணிக்கை, கண்ணாடி இழை இணையச் சேவையின் வளர்ச்சியால் 2024 மார்ச்சில் 3.3 கோடியைத் தாண்டியது. தனியாக வாழும் முதியோர், கைப்பேசி அலைவரிசை எட்டாத மலைப்பகுதி மக்கள், சிறு வணிகர்கள், மருத்துவமனைகள் எனப் பலருக்கும் இது இன்றும் இன்றியமையாத இணைப்பாக உள்ளது.

அந்த இணைப்பு பழுதடைந்தால் முதலில் விடை காண வேண்டிய கேள்வி ஒன்றே: பழுது வீட்டுக்குள்ளா, வெளியிலா? உள்ளே என்றால் சில நிமிடங்களில் சரிசெய்துவிடலாம். வெளியே என்றால் அது சேவை நிறுவனத்தின் பொறுப்பு. இதை அறியாமல் புகார் அளித்துவிட்டு, பழுதான கருவிக்காக நாள்கணக்கில் லைன்மேனை எதிர்பார்த்திருப்போரும் உண்டு. நல்ல கருவியைக் குறைகூறிப் புதிது வாங்குவோரும் உண்டு.

இணைப்பு இயங்கும் விதம்

செம்புக் கம்பி இணைப்பில், தொலைபேசி நிலையத்திலிருந்து புறப்படும் ஓர் இணைக் கம்பி, தெருவோரப் பெட்டிகள் வழியாக வந்து வீட்டுச் சுவரில் உள்ள 'ரோசெட்' எனப்படும் சிறு இணைப்புப் பெட்டியில் முடிகிறது. இந்தக் கம்பிகளில் நிலையத்திலிருந்து சுமார் 48 வோல்ட் நேர்மின்னழுத்தம் எப்போதும் இருக்கும். நிலையத்தில் மின்கலத் தொகுதிகள் இருப்பதால், வீட்டில் மின்வெட்டு ஏற்பட்டாலும் சாதாரணத் தொலைபேசி இயங்கும்.

ரிசீவரை எடுத்தவுடன் இரு கம்பிகளும் கருவியின் வழியே இணைந்து மின்னோட்டம் பாய்கிறது. அதை உணரும் நிலையம் டயல் டோனை அனுப்புகிறது. அழைப்பு வரும்போது சுமார் 75 வோல்ட் மாறுமின்னழுத்தத்தை அனுப்பி மணியை ஒலிக்கச் செய்கிறது. பெரும்பாலான பழுதுகளை இந்த அடிப்படையைக் கொண்டே புரிந்துகொள்ளலாம்.

அழைப்பவர் காதில் ஒலிப்பது என்ன?

ரிசீவரில் எந்த ஓசையும் இல்லையெனில், கைப்பேசியிலிருந்து வீட்டு எண்ணுக்கு அழைத்துப் பார்ப்பது முதல் சோதனை.

அழைப்பவருக்கு மணி ஒலிப்பது கேட்டு, வீட்டில் தொலைபேசி ஒலிக்கவில்லை என்றால், கம்பி எங்கோ அறுந்திருக்க அல்லது இணைப்பு கழன்றிருக்க வாய்ப்பு அதிகம். அழைப்பவருக்குக் கேட்கும் மணியோசை வீட்டிலிருந்து வருவதன்று. நிலையமே அவருக்கு அதை ஒலிக்கச் செய்கிறது. கம்பி அறுந்திருப்பதும், ரிசீவரை யாரும் எடுக்காமல் இருப்பதும் நிலையத்துக்கு ஒன்றுபோலவே தெரியும்.

மாறாக, எப்போது அழைத்தாலும் எங்கேஜ்டு டோனே கேட்டால், இரு கம்பிகளும் எங்கோ ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கலாம். அல்லது வேறு அறையில் உள்ள இணைத் தொலைபேசியின் ரிசீவர் சரியாக வைக்கப்படாமல் இருக்கலாம். ரிசீவர் நீண்ட நேரம் விலகியிருந்தால் நிலையம் அந்த இணைப்பைத் தற்காலிகமாக ஒதுக்கி வைத்துவிடும். எனவே வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளின் ரிசீவர்களும் சரியாக வைக்கப்பட்டுள்ளனவா என்று முதலில் பார்க்க வேண்டும்.

வீட்டுக்குள் செய்ய வேண்டிய சோதனை

அடுத்ததாக, ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். இணைத் தொலைபேசி, மோடம், ஃபேக்ஸ், அழைப்பாளர் எண் காட்டும் கருவி ஆகிய அனைத்தையும் இணைப்பிலிருந்து அகற்ற வேண்டும். நன்றாக இயங்குவதாகத் தெரிந்த ஒரு சாதாரணத் தொலைபேசியை, வேறொரு நல்ல வயருடன், வெளியிலிருந்து வரும் கம்பி முதலில் சேரும் ரோசெட்டில் நேரடியாக இணைக்க வேண்டும். கார்டுலெஸ் தொலைபேசிக்குத் தனி மின்சாரமும் நல்ல பேட்டரியும் தேவை என்பதால் இச்சோதனைக்கு அது ஏற்றதன்று.

அங்கே டயல் டோன் கேட்டால், வெளி இணைப்பு நன்றாக உள்ளது, பழுது வீட்டுக்குள்தான். அகற்றிய கருவிகளை ஒவ்வொன்றாக மீண்டும் இணைத்துக்கொண்டே வந்தால், எதை இணைக்கும்போது ஓசை நின்றுபோகிறதோ அதுவே குற்றவாளி. எல்லாக் கருவிகளும் நன்றாக இருந்தால், அறைகளுக்குச் செல்லும் வயரை ஆராய வேண்டும். எலி கடித்த இடம், ஆணி துளைத்த இடம், கதவிடுக்கில் நசுங்கிய இடம் ஆகியவை வழக்கமான காரணங்கள். ரிசீவரையும் கருவியையும் இணைக்கும் சுருள் வயர் அடிக்கடி முறுக்கப்படுவதால் உள்ளே அறுந்துபோவதும் இயல்பு.

முதல் ரோசெட்டிலும் ஓசை இல்லையெனில், பழுது வெளியில் உள்ளது என்று கொள்ளலாம். அதன்பின் வீட்டில் செய்வதற்கு ஒன்றுமில்லை; புகார் அளிப்பதே வழி.

இரைச்சல் சொல்லும் சேதி

டயல் டோன் இருந்தும் கரகரப்புக் கேட்டால், தளர்ந்த அல்லது துருப்பிடித்த இணைப்பு, மழைநீர் புகுந்த பெட்டி ஆகியவை காரணமாகலாம். மழை நாளில் தோன்றி வெயிலில் மறையும் இரைச்சல், ஈரத்தின் தெளிவான அடையாளம். இத்தகைய இரைச்சல் எந்த நாளில், எந்த நேரத்தில் வருகிறது என்று குறித்து வைப்பது பயன் தரும். லைன்மேன் வரும் நேரத்தில் வெயில் அடித்துப் பழுது மறைந்துவிட்டால், அந்தக் குறிப்பே சான்றாகும்.

தொடர்ந்து ரீங்காரம் கேட்டால், இரு கம்பிகளில் ஒன்று நிலத்துடன் தொடர்புகொண்டிருக்கக்கூடும். வேறொருவரின் பேச்சு இடையில் கேட்டால், கேபிளுக்குள் கம்பிகளின் மேலுறை சேதமடைந்திருக்கலாம். இவை பெரும்பாலும் வெளிப்பழுதுகளே. செம்புக் கம்பியில் பிராட்பேண்ட் சேவையும் பெறுவோருக்குச் சீறல் போன்ற ஒலி கேட்டால், பேச்சையும் இணையத்தையும் பிரிக்கும் ஸ்பிளிட்டர் பழுதாகியிருக்கலாம். அல்லது இணைத் தொலைபேசி ஒன்று அதன் வழியாக இணைக்கப்படாமல் இருக்கலாம்.

பழுது அல்லாத 'பழுதுகள்'

தரைவழித் தொலைபேசியிலிருந்து கைப்பேசியை மட்டும் அழைக்க முடியவில்லை என்றால், எண்ணுக்கு முன்னால் 0 சேர்க்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். 2021 ஜனவரி 15 முதல் இது நாடு முழுவதும் கட்டாயம். பழைய கருவிகளில் முன்கூட்டியே பதிந்து வைக்கப்பட்ட கைப்பேசி எண்களை இதற்கேற்ப மாற்ற வேண்டும். அவசரத்துக்கு ஒற்றைப் பொத்தானை நம்பியிருக்கும் முதியோர் வீடுகளில் இது குறிப்பாகக் கவனிக்கத்தக்கது.

எண்களை அழுத்தினாலும் டயல் டோன் நிற்கவில்லை என்றால், கருவியின் அடியில் அல்லது பக்கவாட்டில் உள்ள 'பல்ஸ்–டோன்' பொத்தான் இடம் மாறியிருக்கலாம். மணி மட்டும் ஒலிக்கவில்லை என்றால், மணியோசைப் பொத்தான் அணைக்கப்பட்டிருக்கலாம்; அல்லது ஒரே இணைப்பில் அளவுக்கு மீறிய கருவிகள் இருக்கலாம். அழைப்புகள் வருகின்றன, ஆனால் வெளியே அழைக்க முடியவில்லை என்றால், கட்டண நிலுவை உள்ளதா என்று சரிபார்ப்பது நல்லது.

கண்ணாடி இழை இணைப்பில்...

கண்ணாடி இழை இணைப்புகளில் நிலையத்திலிருந்து மின்சாரம் வருவதில்லை. வீட்டிலுள்ள மோடம் அணைந்தால் தொலைபேசியும் அணைந்துவிடும். எனவே மின்வெட்டு மிகுந்த பகுதிகளில் மோடத்துக்கு ஒரு சிறு யுபிஎஸ் பொருத்துவது அவசியம்.

இங்கே பழுதின் இடத்தை மோடத்தின் விளக்குகள் காட்டிக்கொடுக்கும். 'எல்ஓஎஸ்' என்று குறிக்கப்பட்ட விளக்கு சிவப்பாக எரிந்தால், வெளியிலிருந்து ஒளிச் சமிக்ஞை வரவில்லை என்று பொருள். இழை அறுந்திருக்கலாம், வீட்டுக்குள்ளேயே கூர்மையாக மடங்கியும் இருக்கலாம். இணையம் இயங்கித் தொலைபேசி மட்டும் இயங்கவில்லை என்றால், மோடத்தை அணைத்துச் சில நிமிடங்கள் கழித்து இயக்கிப் பார்க்க வேண்டும். தொலைபேசி வயர் அதற்குரிய துளையில் செருகப்பட்டுள்ளதா என்பதையும் சரிபார்க்க வேண்டும்.

எச்சரிக்கை தேவை

மணி ஒலிக்கும் வேளையில் செம்புக் கம்பியில் பாயும் மின்னழுத்தம் அதிர்ச்சி தரக்கூடியது. ஈரக் கையுடனோ, இடி மின்னலின்போதோ கம்பிகளைத் தொடக் கூடாது. கண்ணாடி இழையின் முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கக் கூடாது. அதில் பாயும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விழித்திரையைப் பாதிக்கக்கூடும். தெருவோரப் பெட்டிகளைத் திறப்பது பயனாளரின் வேலையன்று.

"உங்கள் இணைப்பு இன்னும் இரண்டு மணி நேரத்தில் துண்டிக்கப்படும்" என்று ட்ராய் பெயரில் வரும் அழைப்புகளை நம்ப வேண்டாம். அவ்வாறு எவரையும் தொடர்புகொள்வதில்லை என்று ஆணையம் தெளிவுபடுத்தியுள்ளது. பழுது நீக்குவதாகக் கூறி ஓடிபி கேட்பவர்களுக்கும் பதில் அளிக்கக் கூடாது. பணத்தை இழந்தவர்கள் உடனடியாக 1930 என்ற எண்ணில் புகார் அளிக்கலாம்.

புகாரும் உரிமையும்

புகார் அளிக்கும்போது, முதல் ரோசெட்டில் வேறு கருவியை இணைத்துச் சோதித்ததையும், அழைப்பவருக்கு என்ன ஓசை கேட்கிறது என்பதையும் குறிப்பிட்டால் பழுது நீக்கும் பணி விரைவுபெறும். ட்ராய் 2012-இல் வெளியிட்ட குறைதீர்ப்பு விதிமுறைகளின்படி, ஒவ்வொரு புகாருக்கும் பதிவு எண் வழங்கப்பட வேண்டும். அந்த எண்ணும் தேதியும் இல்லாமல் அடுத்த படிக்குச் செல்வது கடினம்.

புகார் தீர்க்கப்படாவிட்டாலோ, தீர்வு நிறைவளிக்காவிட்டாலோ, நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாள்களுக்குள் கட்டணமின்றி முறையிடலாம். அதன் மீது 39 நாள்களுக்குள் முடிவெடுக்க வேண்டும். பழுது நீண்ட நாள் தொடர்ந்தால் வாடகையில் தள்ளுபடி அளிக்கவும் தர விதிமுறைகளில் இடமுண்டு. அதைக் கேட்டுப் பெறுவது சந்தாதாரரின் உரிமை. தொலைத்தொடர்புச் சேவைக் குறைபாடுகளுக்காக நுகர்வோர் ஆணையங்களை அணுகலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் உறுதிசெய்துள்ளது.

இவை ஒருபுறமிருக்க, வீட்டில் தனித்திருக்கும் முதியோரின் குடும்பத்தினர் கவனிக்க வேண்டிய எளிய ஏற்பாடு ஒன்று உண்டு. தொலைபேசியில் மணி ஒலித்தும் எவரும் எடுக்காதபோது நேரில் சென்று பார்க்கக்கூடிய அண்டை வீட்டார் ஒருவரின் எண்ணை வைத்திருப்பதே அது. வீட்டின் நிலையை மணியோசையை மட்டும் கொண்டு அறிய முடியாது.