அழிக்கும் முன் ஒரு நகல்: ஆயிரம் வருஷத்துக்கு முன்பே திருமழபாடியில் செய்தார்கள், நம்ம டேட்டாபேஸில் ஏன் செய்வதில்லை?

"சிஸ்டத்துல இப்படித்தான் இருக்கு மேடம். நாமினி கட்டம் காலியா இருக்கு."

ஸ்ரீரங்கம் வடக்கு உத்திர வீதியிலிருந்து ஆட்டோ பிடித்து திருச்சிக்கு வந்திருந்த என் பாட்டிக்கு, ஒரு நிதி நிறுவனத்தின் கவுன்டரில் கிடைத்த பதில் இது. தாத்தா இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவர் போட்டு வைத்திருந்த டெபாசிட்டுக்கு நாமினி பாட்டிதான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சிஸ்டத்துக்கு மட்டும் தெரியவில்லை.

பாட்டி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "சரிப்பா, இதுக்கு முன்னாடி அந்தக் கட்டத்துல என்ன இருந்துச்சுன்னு பாரு."

கவுன்டரில் இருந்த பையன் மானிட்டரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "முன்னாடி இருந்ததைப் பார்க்க முடியாது பாட்டி" என்றார். அவர் சொன்னது பொய் இல்லை. அந்த மென்பொருளில் 'முன்னாடி' என்ற ஒன்றே இல்லை. ஒரு வருஷம் முன்பு தாத்தா முகவரி மாற்றிய அன்று நாமினி பெயரும் சேர்ந்து அழிந்திருக்கலாம் என்று ஊகிக்கத்தான் முடிந்தது. கடைசியில் காப்பாற்றியது டிரங்குப் பெட்டியில் கிடந்த பழைய ரசீது. அதற்கு நாலு மாதம் அலைச்சல்.

இந்தப் பிரச்னைக்குத் தீர்வு ரொம்ப எளிது. பல அலுவலகங்களில் அதைச் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

'அப்டேட்' கொடுத்தால் உள்ளே என்ன நடக்கிறது?

டேட்டாபேஸை ஒரு பெரிய ரிஜிஸ்டர் நோட்டாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு வரி. 'அப்டேட்' கட்டளை கொடுத்ததும் அந்த வரியில் பழைய மதிப்பு போய் புதிய மதிப்பு வந்துவிடும். நோட்டில் பேனாவால் அடித்து எழுதினால் அடித்தலுக்குக் கீழே பழைய எழுத்து தெரியும். இங்கே அந்த அடித்தல்கூடத் தெரியாது.

வாட்ஸ்அப்பில் அனுப்பிய மெசேஜை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். திருத்தப்பட்டது என்ற குறிப்பு எதிராளிக்குத் தெரியும், முதலில் என்ன எழுதியிருந்தீர்கள் என்பது தெரியாது. விக்கிப்பீடியா நேர் எதிர். அங்கே ஒவ்வொரு திருத்தமும் யார், எப்போது செய்தது என்பதோடு வரலாற்றுப் பக்கத்தில் நிற்கும். அரட்டைக்கு முதல் வகை போதும். பணம், நிலம், மருத்துவம் என்று வந்தால் இரண்டாவதுதான் வேண்டும்.

"பேக்கப் இருக்குமே?" என்று கேட்கலாம். தினமும் ராத்திரி எடுக்கும் பேக்கப், அந்த நேரத்தில் எடுத்த ஒரு போட்டோ. காலை 11 மணிக்கு ஒருவர் மாற்றி, மதியம் 3 மணிக்கு இன்னொருவர் மறுபடி மாற்றினால், நடுவில் இருந்தது எந்தப் போட்டோவிலும் விழாது. யார் மாற்றினார் என்பதும் அதில் இருக்காது.

ஸ்ரீரங்கத்தில் மனை வாங்கப் போகிறவர்களுக்கு இது புதிதே இல்லை. பட்டாவை மட்டும் பார்த்து யாராவது அட்வான்ஸ் கொடுப்பார்களா? வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்போம் இல்லையா? பட்டா இன்றைக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதைச் சொல்லும். வில்லங்கச் சான்று, நாம் கேட்கும் காலத்தில் அந்தச் சொத்தின் மீது பதிவான பத்திரங்களை வரிசையாகச் சொல்லும். முதலாவது நடப்பு அட்டவணை, இரண்டாவது வரலாற்று அட்டவணை. டேட்டாபேஸிலும் இந்த இரண்டும் வேண்டும்.

இடிக்கும் முன் படி எடு

ஸ்ரீரங்கத்திலிருந்து கிழக்கே, கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது திருமழபாடி. இப்போது அரியலூர் மாவட்டம். அங்குள்ள வைத்தியநாதர் கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட முதலாம் ராஜராஜன் தன் 28-ம் ஆட்சியாண்டில் (1012-13 வாக்கில்) உத்தரவிட்டார். சிக்கல் என்னவென்றால், பழைய சுவர்களில் கல்வெட்டுகள் இருந்தன. யார் எவ்வளவு நிலம் கொடுத்தார், எந்த விளக்குக்கு யார் பொறுப்பு என்பதற்கெல்லாம் அந்தக் காலத்தில் கல்வெட்டுதான் பத்திரம். சுவர் போனால் ஆதாரமும் போச்சு.

அதனால், பிரிக்கும் முன் கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுக்கச் சொன்னார். அந்தப் படியை வைத்து, அவர் மகன் முதலாம் ராஜேந்திரனின் 14-ம் ஆட்சியாண்டில் (1026 வாக்கில்) புதிய சுவரில் மறுபடி வெட்டினார்கள். நடுவில் சுமார் 13 வருஷம் அந்த ஆவணங்கள் படியில் மட்டும் உயிரோடு இருந்தன. இந்த விவரமே அங்குள்ள கல்வெட்டில்தான் இருக்கிறது.

மாற்றும் முன் பழையதை வேறு இடத்தில் பதிவு செய்துவிடு. டேட்டாபேஸ் ஆட்கள் இன்று சொல்வதும் இதே விதிதான். கேள்வி ஒன்றுதான்: படி எடுக்கும் பொறுப்பு யாருக்கு?

வழி 1: டிரிகர்

டிரிகர் என்பது டேட்டாபேஸுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன நிரல். 'இந்த அட்டவணையில் யார் கை வைத்தாலும் இதைச் செய்' என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது. உளி சுவரில் படும்போதெல்லாம் தானாகவே படி எடுக்கப்பட்டுவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல், ஆரக்கிள் மூன்றிலும் டிரிகருக்குள் 'ஓல்டு', 'நியூ' என்ற இரண்டு பெயர்களில் பழைய வரியும் புதிய வரியும் கிடைக்கும். 'ஓல்டு'-ஐ எடுத்து, நேரத்தைச் சேர்த்து, வரலாற்று அட்டவணையில் ஒரு வரியாகப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது.

பெரிய லாபம், இதில் யாரும் தப்ப முடியாது. ஆப் வழியாக வந்தாலும் சரி, ராத்திரி ஓடும் ஸ்கிரிப்ட்டாக இருந்தாலும் சரி, அட்மின் நேரடியாக உள்ளே போய்க் கட்டளை கொடுத்தாலும் சரி, பதிவாகிவிடும். அப்டேட்டும் படியும் ஒரே டிரான்சாக்‌ஷனில் நடப்பதால், ஒன்று தோற்றால் இரண்டுமே ரத்தாகும். படி இல்லாத மாற்றம் உள்ளே நுழையாது.

குறை என்ன? டிரிகருக்கு மனிதர்களைத் தெரியாது. கவுன்டரில் 20 பேர் வேலை பார்த்தாலும், ஆப் பெரும்பாலும் ஒரே டேட்டாபேஸ் பெயரில்தான் உள்ளே போகும். மாற்றியது யார் என்று கேட்டால் 'ஆப்' என்றுதான் பதில் வரும். சில ஓட்டைகளும் உண்டு. மைஎஸ்க்யூஎல்லில் ஃபாரின் கீ மூலம் தொடர்ச்சியாக நடக்கும் அழித்தல்கள் டிரிகரைத் தட்டி எழுப்பாது. 'டிரங்கேட்' கொடுத்தாலும் டெலீட் டிரிகர் ஓடாது.

வழி 2: ஆப் கோட்

இங்கே படி எடுக்கும் வேலை ஆப்பினுடையது. சேமிப்பதற்கு முன் பழைய வரியைப் படித்து, வரலாற்றில் எழுதி, அப்புறம் அப்டேட் செய்யும். ராஜராஜனின் உத்தரவு மாதிரி, மேலிருந்து வருவது.

லாபம், காரணம் தெரியும். எந்த ஊழியர், எந்தத் திரையில், எந்த விண்ணப்பத்தின் பேரில் மாற்றினார் என்பதெல்லாம் ஆப்பின் கையில் இருக்கிறது. 'முகவரி மாற்றக் கோரிக்கை' என்று காரணத்தோடு பதியலாம். பாட்டி விஷயத்தில் அது இருந்திருந்தால், முகவரி மாற்றத்தில் நாமினி எதுக்குப்பா அழிஞ்சதுன்னு அன்றைக்கே கேட்டிருக்கலாம்.

குறை, மறதி. புதிதாக வந்த டெவலப்பர் வேறு ஒரு திரையில் அந்த இரண்டு வரி கோடை எழுத மறந்தால் போச்சு. ஜாங்கோ பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: மொத்தமாக மாற்றும் 'அப்டேட்' முறை, மாடலின் 'சேவ்'-ஐக் கூப்பிடாது, சிக்னலும் அனுப்பாது. சிக்னலை நம்பி வரலாறு எழுதினால், ஆயிரம் வரி மாறினாலும் ஒரு வரிகூடப் பதியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

கம்பெனிகளின் கணக்கு மென்பொருளுக்கு இது இப்போது கட்டாயம். 2014-ம் ஆண்டின் கம்பெனிகள் (கணக்குகள்) விதிகளில் செய்த திருத்தத்தின்படி, 2023 ஏப்ரல் 1 முதல் தொடங்கும் நிதியாண்டுகளில் ஒவ்வொரு மாற்றமும் தேதியோடு எடிட் லாகில் பதிவாக வேண்டும். அதை அணைத்து வைக்கவும் கூடாது. ஆடிட்டரும் தன் அறிக்கையில் இதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

இந்த விதி வந்த பிறகு வெளியான ஆண்டறிக்கைகளைப் புரட்டினால், பல கம்பெனிகளில் ஒரே மாதிரியான ஒரு குறிப்பைப் பார்க்கலாம்: மென்பொருளில் எடிட் லாக் இருக்கிறது, ஆனால் டேட்டாபேஸில் நேரடியாகச் செய்யும் மாற்றங்களுக்கு அது இயக்கப்படவில்லை. வழி 2 மட்டும் இருந்து வழி 1 இல்லாத நிலை இதுதான். முன்வாசலில் கேமரா, கொல்லைப்புறம் திறந்த கதவு.

அப்போ எது சரி?

இரண்டையும் சேர்ப்பதுதான் நடைமுறையில் நல்லது. படி எடுப்பதை டிரிகரிடம் விடுங்கள். யார், ஏன் என்பதை ஆப் சொல்லட்டும். போஸ்ட்கிரெஸில் டிரான்சாக்‌ஷன் தொடங்கியதும் ஊழியர் எண்ணை ஒரு தற்காலிக அமைப்பாக வைத்துவிட்டால், டிரிகர் அதை எடுத்து எழுதிக்கொள்ளும். இன்னொரு வழி, இதற்கென்றே உள்ள வசதி. எஸ்க்யூஎல் சர்வர் 2016 பதிப்பிலிருந்தும், மரியாடிபி 10.3 பதிப்பிலிருந்தும் அட்டவணையே தன் பழைய வரிகளைக் காத்துக்கொள்ளும். 'போன மார்ச் 5-ம் தேதி இந்த வரி எப்படி இருந்தது?' என்று நேரடியாகக் கேட்கலாம்.

எதைச் செய்தாலும் நான்கு விஷயங்களை மறக்காதீர்கள்:

• வரலாற்று அட்டவணையில் ஆப்புக்கு எழுத மட்டும் அனுமதி கொடுங்கள். திருத்தவோ அழிக்கவோ கூடாது. திருத்த முடிந்தால் அது ஆதாரம் இல்லை.
• நடப்பு அட்டவணையில் புதிய பத்தி சேர்த்தால், வரலாற்று அட்டவணையிலும் சேருங்கள். டிரிகர் உடைவது பெரும்பாலும் இங்கேதான்.
• அது வளர்ந்துகொண்டே போகும். மாதவாரியாகப் பிரித்து வையுங்கள்.
• பாஸ்வேர்டு போன்றவற்றைப் படி எடுக்காதீர்கள். 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவலை அழிக்கக் கேட்கும் உரிமையை மக்களுக்குத் தருகிறது. ஒருவருடைய பழைய போன் நம்பர் வரலாற்று அட்டவணையில் எத்தனை வருஷம், எதற்காக இருக்க வேண்டும் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

கோட் எழுதாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை முகவரியோ போன் நம்பரோ மாற்றக் கொடுக்கும்போது, வேலை முடிந்ததும் முழு விவரத்தையும் ஒரு பிரின்ட் கேட்டு வாங்குங்கள். மாற்றாத கட்டங்களையும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

பாட்டிக்குப் பணம் வந்துவிட்டது. ரசீதைத் திரும்பக் கொடுத்தபோது, "இனிமே இது வேணாம் பாட்டி, எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு" என்றார் அந்தப் பையன். பாட்டி சிரித்துக்கொண்டே அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். இப்போதும் அது டிரங்குப் பெட்டியில்தான் இருக்கிறது.