சட்டம் போட்டவரையே பிடிச்ச சட்டம்: ஷாங் யாங் கதை

இன்னைக்கு எபிசோட் சீனாவுல, கி.மு. 4-ஆம் நூற்றாண்டுல நடக்குது. ஏழு பெரிய அரசுகள் ஒன்னோட ஒன்னு மோதிக்கிட்டிருந்த காலம். மேற்கு ஓரத்துல இருந்த சின் அரசுக்கு அமைச்சரா வர்றார் ஷாங் யாங்.

அவரோட கணக்கு சிம்பிள். மனுஷன் நல்லவனா கெட்டவனான்னு ஆராய வேண்டாம். லாபம்னா ஓடி வருவான், தண்டனைன்னா பயப்படுவான். அதை வெச்சே சட்டம் எழுதலாம்.

ஆனா அரசு சொன்னதைச் செய்யும்னு ஜனங்க நம்பணுமே? அதுக்கு அவர் பண்ணினதை வரலாற்றாசிரியர் சிமா சியான் எழுதி வெச்சிருக்கார். சந்தையோட தெற்கு வாசல்ல ஒரு மரக்கம்பத்தை நட்டு, வடக்கு வாசலுக்குத் தூக்கிட்டுப் போனா 10 பொன்னுன்னு அறிவிச்சார். யாரும் அசையல. 50 ஆக்கினார். ஒருத்தர் தூக்கிட்டுப் போனார், 50 பொன்னும் கைக்கு வந்துச்சு. அதுக்கப்புறம்தான் புதுச் சட்டங்களை வெளியிட்டார்.

அடுத்து, இளவரசரே சட்டத்தை மீறினார். ஆனா வருங்கால மன்னரைத் தண்டிக்க முடியாதாம். அதனால அவரோட ஆசிரியர்களுக்குத் தண்டனை. 'சட்டம் எல்லாருக்கும் சமம்'னு சொன்ன சிஸ்டத்துல முதல் ஓட்டை இங்கதான் இருக்கு.

கி.மு. 338-ல மன்னர் இறந்தார். அதே இளவரசர் அரியணை ஏறினார். ஷாங் யாங் மேல ராஜதுரோகக் குற்றச்சாட்டு. தப்பிச்சு ஓடி, எல்லையில ஒரு சத்திரத்துல இடம் கேட்டார். அடையாளம் காட்டாதவரைத் தங்க வெச்சா ஷாங் பிரபுவோட சட்டப்படி எனக்குத் தண்டனைன்னு சத்திரக்காரர் சொல்லிட்டார். எதிர்ல நிக்கிறதே அந்தப் பிரபுன்னு அவருக்குத் தெரியாது. கடைசில ஷாங் யாங் கொல்லப்பட்டார்.

இதை 'தன் வினை தன்னைச் சுடும்'னு சொல்லி முடிச்சிடலாம். ஆனா கோட் எழுதுறவனா எனக்குத் தோணுறது வேற. சத்திரக்காரர் தப்பே பண்ணல. சட்டம் டிசைன் பண்ணின மாதிரியே வேலை செஞ்சுது. அந்தக் குற்றச்சாட்டு உண்மையான்னு மன்னரை எதிர்த்து விசாரிக்க ஒரு இடம்தான் இல்ல. மக்களைக் கட்டுப்படுத்த ஆயிரம் விதி, மன்னரைக் கட்டுப்படுத்த ஒன்னுகூட இல்ல. சட்டத்தை வெச்சு ஆளுறது வேற, ஆளுறவரையும் சட்டம் ஆளுறது வேற.

அவர் செத்தாலும் சட்டங்கள் நீடிச்சுது. கி.மு. 221-ல சின் மொத்த சீனாவையும் ஒன்னாக்கிச்சு. கி.மு. 209-ல, மழையால தாமதமான 900 கட்டாயப் படைவீரர்கள் கலகம் பண்ணினாங்க. சிமா சியான் சொல்றபடி, தாமதத்துக்கும் மரண தண்டனை, கலகத்துக்கும் மரண தண்டனை. அப்புறம் எதுக்குப் பயப்படணும்? மூணே வருஷத்துல பேரரசு காலி. பயத்தை மட்டும் நம்பின கணக்கு அங்க உடைஞ்சுது.

ஆபீஸ்ல ஒருத்தருக்கு அட்மின் ஆக்சஸ் குடுக்கும்போது, இன்னைக்கு அது யார் கையில இருக்குன்னு மட்டும் பார்க்க மாட்டோம். நாளைக்கு யார் கைக்குப் போகும், தப்பா யூஸ் பண்ணினா யார் தடுப்பாங்கன்னும் கேட்போம். அடுத்த தடவை 'கடுமையான சட்டம் வேணும்'னு யாராவது சொன்னா, இதே ரெண்டு கேள்வியையும் கேட்டுப் பாருங்க. உங்களுக்குச் சுத்தமா பிடிக்காத ஒருத்தர் கையில அந்தச் சட்டம் இருக்கிறதா நினைச்சுக்கிட்டு கேளுங்க.