ஒன்றே முக்காலை அரையால் வகுத்தால்?

2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, பி.எட் முடித்த பலரின் தூக்கத்தைக் கெடுத்தது. ஐந்தாம் வகுப்பு வரை பாடம் நடத்த பி.எட் போதாது, தொடக்கக் கல்விப் பட்டயம் வேண்டும் என்றது தீர்ப்பு. ‘எம்.எஸ்சி. கணிதம் படித்தவருக்கு இரண்டாம் வகுப்புக் கழித்தல் சொல்லித்தரத் தெரியாதா?’ என்ற கேள்வி உடனே எழுந்தது. தெரியாமலும் போகலாம்.

லிபிங் மா என்ற கல்வியாளர் 1999இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். அமெரிக்க ஆசிரியர்கள் 23 பேர், சீன ஆசிரியர்கள் 72 பேர். எல்லோரும் தொடக்கப் பள்ளிக்காரர்கள். ஒன்றே முக்காலை அரையால் வகுத்து, அதற்கு ஒரு கதைக் கணக்கும் சொல்லுங்கள் என்றார். அமெரிக்கர்களில் சரியான கதை சொன்னவர் ஒரே ஒருவர். பலர் ஒன்றே முக்கால் பலகாரத்தை இரண்டு பேருக்குப் பங்கு வைத்தார்கள். அது இரண்டால் வகுப்பது. அரையால் வகுப்பதென்றால், ஒன்றே முக்கால் லிட்டர் பாலில் எத்தனை அரை லிட்டர் பாக்கெட் போடலாம் என்று கேட்க வேண்டும்; விடை மூன்றரை. சீனர்களில் 65 பேர் சரியாகச் சொன்னார்கள்.

அமெரிக்கர்களோ பட்டதாரிகள். சீனர்களில் பெரும்பாலோர் ஒன்பதாம் வகுப்புக்குப் பின் இரண்டு மூன்று ஆண்டு ஆசிரியர் பயிற்சி பெற்றவர்கள், அவ்வளவுதான். ஆனால் பணியில் சேர்ந்த பிறகு பாடநூலை வரிவரியாகப் பிரித்துப் படித்தார்கள். சக ஆசிரியர்களோடு உட்கார்ந்து விவாதித்தார்கள். பிள்ளை எங்கே தடுமாறும், எந்த உதாரணம் எடுபடும் என்பது பாடத்துக்கு உள்ளேயே இருக்கும் தனி அறிவு என்று 1986இலேயே எழுதினார் கல்வியாளர் லீ ஷுல்மன். அது எம்.எஸ்சி.யிலும் வராது, பியாஜே, வைகாட்ஸ்கி என்று உளவியலாளர்களை மனப்பாடம் செய்வதாலும் வராது.

மேல்நிலை வகுப்பில் கதை வேறு. இயற்பியலில் ஆழமில்லாதவர் எவ்வளவு அழகாகப் பேசினாலும் பிளஸ் டூ மாணவர் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார். அங்கே பாட அறிவு, கற்பிக்கும் அறிவு இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் நான் பாட அறிவின் பக்கம்.

சரி, நம் ஆசிரியர் தகுதித் தேர்வு எதை அளக்கிறது? ஆறு முதல் எட்டாம் வகுப்பு ஆசிரியர்களுக்கான இரண்டாம் தாளின் 150 மதிப்பெண்ணில் குழந்தை மேம்பாட்டுக்கு 30, தமிழ், ஆங்கிலத்துக்குத் தலா 30, கணிதம்-அறிவியலுக்கோ சமூக அறிவியலுக்கோ 60. எல்லாம் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாக்கள். மூன்றரை என்ற விடையை அதில் கேட்கலாம், பால் பாக்கெட் கதையைச் சொல்ல வைக்க முடியாது. இதில் தேறாமல் ஏற்கெனவே பணியிலிருப்பவர்களுக்கும் இதே தேர்வுதான்: ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருந்தால் இரண்டு ஆண்டுக்குள் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இருபது ஆண்டு வகுப்பறையில் நின்றவர் எப்படிப் பாடம் நடத்துகிறார் என்று பார்க்க, அவர் வகுப்பின் பின்பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்தாலே போதும். அதற்குத்தான் யாரும் வருவதில்லை.