பதினேழாவது இடம்

பதினெட்டு அணிகள். இன்னும் ஒரு ஆட்டம்கூடத் தொடங்கவில்லை. முதலிடம் யாருக்கு, கடைசி இடம் யாருக்கு என்று இப்போதே வரிசையாக எழுதித் தர வேண்டும். உங்களால் முடியுமா?

அமெரிக்காவில் ஒவ்வொரு கோடையிலும் விளையாட்டுச் செய்தியாளர்கள் இந்த வேலையைத்தான் செய்கிறார்கள். அங்கே பல்கலைக்கழக மாணவர்கள் ஆடும் அமெரிக்கக் கால்பந்து என்றால் ஊரே திரண்டு போகும். நாம் ஆடும் கால்பந்து வேறு. அவர்களுடையது, இரு முனையும் கூராக இருக்கும் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, முட்டி மோதி, எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டும் ஆட்டம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் மட்டும் 1,07,601 பேர் உட்காரலாம் என்றால் மற்றதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

இந்த அணிகள் சில கூட்டமைப்புகளாகப் பிரிந்து ஆடுகின்றன. அவற்றுள் மிகப் பழையவற்றில் ஒன்று, 1896-ல் தொடங்கிய 'பிக் டென்'. பெயரைக் கேட்டுப் பத்து அணிகள் என்று எண்ணிவிடாதீர்கள். 2024-லிருந்து அதில் 18 அணிகள்! பெயரை மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை.

2024 கோடையில் செய்தியாளர்கள் வாக்களித்து பிக் டென் அணிகளின் வரிசையை முன்கூட்டியே கணித்தார்கள். அதில் இண்டியானா பல்கலைக்கழக அணிக்குக் கிடைத்தது 17-வது இடம். பாவம் என்று தோன்றுகிறதா? அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. முந்தைய ஆண்டு இண்டியானா ஆடிய 12 ஆட்டங்களில் வென்றது மூன்றே மூன்று. அதன் வரலாற்றைப் புரட்டினால் 700-க்கும் மேற்பட்ட தோல்விகள். பெரிய அணிகளில் அவ்வளவு தோற்ற அணி அப்போது வேறு கிடையாது.

பிறகு ஆட்டங்கள் தொடங்கின. இண்டியானா முதல் பத்து ஆட்டங்களையும் வென்றது. வழக்கமான 12 ஆட்டங்கள் முடிந்தபோது, 11 வெற்றி, 1 தோல்வி.

சரி, அடுத்த ஆண்டாவது கணிப்பாளர்கள் சுதாரித்துக்கொண்டார்களா? ஓரளவு. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 1936 முதல் நாடு முழுவதும் உள்ள அணிகளுக்குத் தரவரிசை வெளியிட்டு வருகிறது. 1950-லிருந்து தொடருக்கு முன்பே ஒரு பட்டியலும் போடுகிறது. 2025 ஆகஸ்டில் வந்த அந்தப் பட்டியலில் இண்டியானாவுக்கு 20-வது இடம். அதே பிக் டென்னைச் சேர்ந்த பென் ஸ்டேட் அணிக்கு இரண்டாவது இடம்.

நடந்தது என்ன தெரியுமா? இண்டியானா வழக்கமான ஆட்டங்களோடு அடுத்த சுற்றுகளையும் சேர்த்து 16 ஆட்டங்கள் ஆடி, பதினாறையும் வென்று, தன் வரலாற்றில் முதன்முறையாகத் தேசிய வாகையர் ஆனது. பென் ஸ்டேட் வழக்கமான 12 ஆட்டங்களில் ஆறை வென்று ஆறில் தோற்றது. அதன் பயிற்சியாளர் ஜேம்ஸ் ஃபிராங்க்ளின் பாதித் தொடரிலேயே பதவி இழந்தார்.

அப்படியானால் கணித்தவர்கள் எல்லாம் முட்டாள்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் எடுத்துக்கொண்ட வேலை எவ்வளவு பெரியது என்று முதலில் பார்த்துவிடுவோம்.

18 அணிகளை எத்தனை விதமாக வரிசைப்படுத்தலாம்? முதலிடத்துக்கு 18 பேரில் யாரும் வரலாம். இரண்டாமிடத்துக்கு மிச்சமுள்ள 17 பேரில் யாரும் வரலாம். இப்படியே 18 × 17 × 16 என்று ஒன்று வரை பெருக்கிக்கொண்டே போனால் கிடைப்பது ஏறக்குறைய 64 கோடி கோடி. ஆம், கோடியைக் கோடியால் பெருக்கி, அதை மறுபடி 64-ஆல் பெருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு எழுதினால் சரியான வரிசை அமைய இத்தனையில் ஒரே ஒரு வாய்ப்புதான்.

கணிப்பாளர்கள் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவதில்லை. பெரும்பாலும் மூன்று விஷயங்களைப் பார்க்கிறார்கள். கடந்த சில ஆண்டுகளில் அணி எப்படி ஆடியது? போன ஆண்டு ஆடியவர்களில் எத்தனை பேர் இந்த ஆண்டும் இருக்கிறார்கள்? புதிதாகச் சேரும் மாணவர்கள் பள்ளியில் எவ்வளவு கெட்டிக்காரர்கள்? இரண்டாவது கேள்வி கல்லூரி விளையாட்டுக்கே உரியது. மாணவர்கள் படிப்பு முடிந்ததும் போய்விடுவார்கள் இல்லையா? ஒவ்வொரு ஆண்டும் அணியின் ஒரு பகுதி கரைந்து புதிதாக முளைக்கும். பழைய கைகள் நிறைய மிச்சமிருக்கும் அணி பொதுவாக நன்றாக ஆடும் என்பது பல ஆண்டுக் கணக்குகளில் தெரிந்த உண்மை.

இண்டியானா விஷயத்தில் இந்தக் கேள்விதான் காலை வாரிவிட்டது. இப்போதெல்லாம் ஒரு கல்லூரியில் ஆடும் மாணவர் எளிதாக வேறு கல்லூரிக்கு மாறலாம். முன்பு அப்படி மாறினால் ஓர் ஆண்டு ஆடாமல் உட்கார வேண்டியிருக்கும். 2021-லிருந்து அந்தத் தடை தளர்ந்துவிட்டது. இண்டியானாவுக்குப் புதிதாக வந்த பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டி, தான் முன்பு பயிற்சி கொடுத்த ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து 13 வீரர்களையும் கூடவே அழைத்து வந்தார். மற்ற இடங்களிலிருந்தும் பலர் வந்து சேர்ந்தார்கள். சட்டையின் நிறம் மட்டும்தான் பழையது, உள்ளே இருந்தவர்கள் புதியவர்கள். பழைய குடித்தனக்காரர் வாடகை பாக்கி வைத்தார் என்பதற்காகப் புதிதாகக் குடிவந்தவரைச் சந்தேகப்பட்ட கதைதான் இது. கடந்த காலத்தை வைத்து எதிர்காலத்தைக் கணிக்கும் எந்தச் சூத்திரமும், ஆட்டத்தின் விதியே மாறிவிட்டால் தடுமாறும்.

பென் ஸ்டேட்டின் கதை வேறு. அங்கே பழைய வீரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். முந்தைய தொடரில் 13 ஆட்டங்களை வென்று, தேசியப் போட்டியின் அரையிறுதி வரை போயிருந்தார்கள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அப்படியும் ஏன் சறுக்கினார்கள்?

இதற்கு ஒரு சின்னச் சோதனை செய்து பார்ப்போம். ஒரே அளவில் நான்கு துண்டுக் காகிதங்களை வெட்டுங்கள். மூன்றில் 'வெற்றி' என்றும் ஒன்றில் 'தோல்வி' என்றும் எழுதி, ஒரே மாதிரி மடித்து, ஒரு டம்ளரில் போட்டுக் குலுக்குங்கள். ஒன்றை எடுத்து, என்ன வந்தது என்று நோட்டில் குறித்துக்கொண்டு, சீட்டை மறுபடி உள்ளே போட்டுவிடுங்கள். (திரும்பப் போட மறந்தால் கணக்குக் கெட்டுவிடும்.) இப்படி 12 தடவை எடுத்தால் ஒரு தொடர் முடிந்தது. உங்கள் டம்ளர் அணி ஒவ்வோர் ஆட்டத்திலும் 75 சதவீத வெற்றி வாய்ப்புள்ள பலமான அணி.

12 ஆட்டங்களில் சராசரியாக 9 வெற்றி வர வேண்டும். ஆனால் ஒவ்வொரு தொடரிலும் ஒன்பது வருமா? வராது. ஒரு தடவை 11 வரும், இன்னொரு தடவை 7 வரும். பன்னிரண்டையும் வெல்வதற்கு 0.75-ஐ 12 முறை பெருக்க வேண்டும், விடை 0.03-க்குச் சற்று மேல். நூறு தொடர் ஆடினால் மூன்றில்தான் முழு வெற்றி. இதே அணி ஆறு அல்லது அதற்கும் குறைவாக மட்டுமே வெல்லும் வாய்ப்பு எவ்வளவு? நூற்றுக்கு ஐந்து. சீட்டு மாறவில்லை, டம்ளர் மாறவில்லை, யாரும் சோம்பேறியாகிவிடவும் இல்லை. ஆனாலும் 100 தொடர்களில் ஐந்தில் அந்த நல்ல அணி பாதிக்கு மேல் வெல்லாது! நாடு முழுவதும் இப்படிப்பட்ட 20 அணிகள் இருந்தால், ஆண்டுக்கு ஒன்று இப்படிச் சறுக்கும் என்று எதிர்பார்க்கலாம். எது என்றுதான் யாராலும் சொல்ல முடியாது.

நீங்கள் டம்ளரை வைத்துக்கொண்டு செய்ததற்கு ஒரு பெரிய பெயர் உண்டு: மான்டே கார்லோ முறை. அதைக் கண்டுபிடித்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1946-ல் ஸ்டானிஸ்லாவ் உலாம் என்ற கணித மேதை நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்தார். பொழுது போகாமல், ஒருவரே ஆடும் சீட்டாட்டம் ஒன்றை ஆடிக்கொண்டே இருந்தார். இந்த ஆட்டம் வெற்றியில் முடிய எத்தனை சதவீதம் வாய்ப்பு என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். அவ்வளவு பெரிய மேதைக்கே கணக்கு இழுத்துக்கொண்டு போனது. அப்போதுதான் அவருக்குத் தோன்றியது: எதற்கு இந்தக் கணக்கு? நூறு தடவை ஆடிப் பார்த்து, எத்தனை தடவை வெற்றி என்று எண்ணிவிட்டால் போதாதா? அப்போதுதான் கணினிகள் பிறந்திருந்தன. அவரும் கணிதவியலாளர் ஜான் வான் நாய்மனும் சேர்ந்து, அணு இயற்பியலின் கடினமான கணக்குகளுக்கு இந்த வழியைப் பயன்படுத்தினார்கள். உலாமின் மாமா ஒருவர் மான்டே கார்லோ சூதாட்ட விடுதிக்குப் போகத் துடிப்பவராம். அதனால் அந்தப் பெயர்.

இன்று கால்பந்துக் கணிப்புக் கணினிகளும் இதையேதான் செய்கின்றன. ஒவ்வோர் அணியின் பலத்தையும் ஓர் எண்ணாக மாற்றி, முழுத் தொடரையும் கற்பனையில் பல்லாயிரம் தடவை ஆட விடுகின்றன. அதனால் கணினி "இந்த அணிதான் ஜெயிக்கும்" என்று சொல்வதில்லை, "நூற்றில் இத்தனை தடவை ஜெயிக்கிறது" என்று சொல்கிறது. செய்தித்தாளில் வரும் பட்டியலில் அந்த எண் காணாமல் போய், 1, 2, 3 என்ற வரிசை மட்டும் மிஞ்சுகிறது. உண்மையான தகவல் முழுக்க அந்த எண்ணில்தான் இருந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வரிசையை மட்டும் அச்சிடுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத பழக்கம்.

சீட்டுச் சோதனையை மனத்தில் வைத்துக்கொண்டு பென் ஸ்டேட்டின் ஆறு தோல்விகளைப் பாருங்கள். ஒஹையோ ஸ்டேட்டிடம் 38–14 என்று நன்றாக அடி வாங்கியது. மற்ற ஐந்து? ஓரிகனிடம் 30–24. அதுவரை ஆடிய நான்கிலும் தோற்றிருந்த யு.சி.எல்.ஏ.விடம் 42–37. நார்த்வெஸ்டர்னிடம் 22–21. அயோவாவிடம் 25–24. இண்டியானாவிடம் 27–24. இந்த ஐந்து தோல்விகளின் வித்தியாசங்களையும் கூட்டுங்கள்: 6, 5, 1, 1, 3. மொத்தம் 16 புள்ளிகள்! இந்த ஆட்டத்தில் பந்தோடு எல்லைக் கோட்டைத் தாண்டினாலே ஒரே தடவையில் ஆறு புள்ளிகள் கிடைக்கும். ஐந்து ஆட்டங்களைத் தின்றது மூன்று தாண்டல்கூட இல்லை.

அந்தக் கடைசி ஆட்டத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 2025 நவம்பர் 8, பென் ஸ்டேட்டின் மைதானம். தோல்வியே காணாத இண்டியானா பின்தங்கியிருக்கிறது, நேரம் முடியப்போகிறது. ஆட்டம் முடிய 36 நொடி இருக்கும்போது இண்டியானாவின் ஃபெர்னாண்டோ மெண்டோசா பந்தை எல்லைக் கோட்டுக்கு அப்பாலுள்ள பகுதியின் கடைக்கோடிக்கு வீசினார். சக வீரர் ஓமர் கூப்பர் எம்பிப் பிடித்தார். உடல் வெளியே போய்க்கொண்டிருந்தது. கால் விரல்நுனி மட்டும் மைதானத்தின் கடைசிக் கோட்டுக்கு உள்ளே தரையைத் தொட்டது. செல்லும் என்றார் நடுவர். அந்த விரல் சில அங்குலம் தள்ளிப் பட்டிருந்தால், 16-க்கு 16 என்ற சாதனை இல்லை. பென் ஸ்டேட்டும் பாதி ஆட்டங்களில் தோற்ற அணி என்ற பெயரோடு வழக்கமான 12 ஆட்டங்களை முடித்திருக்காது. ஆகஸ்டில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு அந்த விரலைப் பற்றி எப்படித் தெரியும்?

இன்னொன்றும் உண்டு. ஒருவர் ஓர் ஆண்டு மிகப் பிரமாதமாகச் செய்தால், அதில் திறமையும் இருக்கும், கொஞ்சம் நல்ல நேரமும் இருக்கும். திறமை அடுத்த ஆண்டும் கூட வரும், நல்ல நேரம் வரும் என்று உறுதியில்லை. 19-ஆம் நூற்றாண்டில் பிரான்சிஸ் கால்டன் என்ற அறிஞர் பெற்றோர், பிள்ளைகளின் உயரங்களை அளந்தபோது இதன் ஒரு வடிவத்தைக் கண்டார்: மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் உயரமாகத்தான் இருந்தார்கள், ஆனால் சராசரியாக அவ்வளவு உயரமில்லை. உச்சிக்குப் போனது பொதுவாகச் சற்று நடுவை நோக்கி வரும். கணிப்பாளர்கள் பலர் போன ஆண்டின் கடைசி ஆட்டத்திலேயே மயங்கி, இதை மறந்துவிடுகிறார்கள்.

சரி, நல்ல கணிப்பாளர் யார் என்று கண்டுபிடிப்பது எப்படி? இதற்கு வழி சொன்னவர் வானிலை ஆய்வாளர் ஒருவர். அமெரிக்க வானிலைத் துறையின் கிளென் பிரையர், 1950-ல், மழைக் கணிப்புகளுக்கு மதிப்பெண் போட ஒரு முறை கொடுத்தார். இந்த அணி வெல்ல 0.9 வாய்ப்பு என்று எழுதுகிறீர்கள். வென்றுவிட்டால் 1-லிருந்து 0.9-ஐக் கழித்து, விடையை அதனாலேயே பெருக்குங்கள்: 0.01. தோற்றுவிட்டால் 0.9-ஐ 0.9-ஆல் பெருக்குங்கள்: 0.81. பள்ளித் தேர்வுக்கு நேர்மாறாக, இதில் குறைவாக வாங்குகிறவர்தான் கெட்டிக்காரர். அடித்துச் சொல்லித் தவறினால் தண்டனை பலமாக இருக்கும்.

உங்களுக்குப் பிடித்த எந்தப் போட்டிக்கும் இதைச் செய்யலாம். ஆட்டம் தொடங்கும் முன் எண்ணை எழுதி, பக்கத்தில் தேதியும் போட்டுவிடுங்கள். முடிந்தபிறகு எழுதினால் எல்லோரும் ஜோசியர்தான். பத்து ஆட்டம் ஆனதும் மதிப்பெண்களைக் கூட்டிப் பாருங்கள். எல்லா ஆட்டத்துக்கும் 0.5 என்று எழுதிவிட்டுத் தூங்கப் போகிறவருக்குச் சரியாக 2.5 வரும். உங்களுக்கு அதைவிடக் கூட வந்தால், நீங்களும் தூங்கியிருக்கலாம்.